சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்காக: பகாவில் கூடி வேண்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் அக்டோபரிலும், சயாம் (இன்றைய தாய்லாந்து) மரண ரயில் பாதையில் இறந்தவர்களை நினைத்து மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பகாவில் ஒரு மாலை கூடுகிறோம். கோயில், தேவாலயம், புத்த விகாரை, குருத்வாரா என்று எல்லா இடங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சூராவ் (சிறு பள்ளிவாசல்) பக்கத்திலிருந்தும் சிலர் வருகிறார்கள். பாசாரில், கல்யாண வீட்டில், கோயில் வாசலில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

"சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போனாங்க" என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறோம். உண்மையில் என்னதான் நடந்தது?

1942-இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மாவில் இருந்த தங்கள் படைக்குக் கடல் வழியாகச் சாமான் அனுப்புவது அவர்களுக்கு ஆபத்தாகிவிட்டது. அதனால் சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை, காட்டையும் மலையையும் வெட்டி 415 கிலோமீட்டருக்கு ரயில் பாதை போட முடிவு செய்தார்கள். சாதாரணமாகப் பல வருடம் பிடிக்கும் வேலை. 1942-இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபர் 17-இல் இரு பக்கத் தண்டவாளங்களையும் இணைத்துவிட்டார்கள். அந்த அவசரத்துக்கான விலையை மனித உயிர்தான் கொடுத்தது.

ஆங்கிலேய, ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள் 60,000-க்கு மேற்பட்டவர்கள் அங்கே வேலை செய்தார்கள். அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக ஆசியத் தொழிலாளர்கள் இருந்தார்கள்: பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், அப்புறம் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழர். மலாயாவிலிருந்து மட்டும் ஏறக்குறைய 78,000 பேர். அதில் பெரும்பாலோர் நம்மவர்கள்.

எப்படிப் போனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். போரில் ரப்பர் வாங்க ஆளில்லை. தோட்டத்தில் வேலை இல்லை, அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. அந்த நேரத்தில் "மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்), சாப்பாடு இலவசம்" என்று சொன்னார்கள். பசித்தவர்கள் பெயர் கொடுத்தார்கள். பெயர் கொடுப்பது நின்றதும் தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்குப் போட்டுப் பிடித்தார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டி, கதவைச் சாத்தி, அப்படியே லாரியில் ஏற்றிய கதை மலாயாவின் பல ஊர்களில் சொல்லப்படுகிறது. கூட்ஸ் வண்டியில் அடைத்து, நாள்கணக்கில் ஓடி, பான் போங்கில் இறக்கினார்கள். அங்கிருந்து காட்டுக்குள் நடை.

போர்க்கைதிகளைவிட நம்மவர்கள் ஏன் அதிகமாக இறந்தார்கள்?

கைதிகளிடம் ராணுவக் கட்டுப்பாடு இருந்தது. கூடவே அவர்களுடைய சொந்த டாக்டர்களும் இருந்தார்கள். மருந்து இல்லாவிட்டாலும், தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும், கழிப்பிடத்தைத் தள்ளி வெட்ட வேண்டும் என்று சொல்ல ஓர் ஆள் இருந்தார். தோட்டத்துத் தொழிலாளிக்கு அப்படி யாரும் இல்லை. அவரோடு மனைவி, பிள்ளைகள்கூடச் சில முகாம்களில் இருந்தார்கள். 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது முகாம் முகாமாக அழிந்தது. மலேரியா, சீதபேதி, காலில் எலும்பு தெரியும் அளவுக்கு அழுகும் புண், பட்டினி, அடி எல்லாம் அதோடு சேர்ந்துகொண்டன.

கைதிகளில் 12,000-க்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் 80,000 முதல் 1,00,000 வரை இறந்திருப்பார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். கைதிகளுக்குப் பாதையோர ஊர்களான காஞ்சனபுரியில், சுங்காயில், தான்பியூசாயாட்டில் வரிசையாகக் கல்லறைகள் இருக்கின்றன. கல்லில் பெயர், படைப்பிரிவு, வயது, வீட்டார் எழுதிய ஒரு வரி. நம்மவர்களைக் குழியில் போட்டார்கள், அல்லது குவித்து எரித்தார்கள். பெயர்ப்பட்டியல்கூடச் சரியாக இல்லை. இதை எழுதும்போது எனக்கு இன்னமும் நெஞ்சு கொதிக்கிறது. நாங்கள் கூடுவதற்குக் காரணமே அந்தப் பெயரில்லாமைதான்.

அது நடந்தது சயாமில். பகாவில் ஏன் பிரார்த்தனை?

போனவர்கள் இங்கிருந்துதான் போனார்கள். கெடிஸ், செயின்ட் ஹெலியர், ஜெராம் பாடாங் என்று பகாவைச் சுற்றி இருப்பதெல்லாம் தோட்டங்கள். இன்று ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்துவிட்டது, லயங்களைவிட்டுப் பலர் தாமான் எனும் புதுக் குடியிருப்புகளுக்குக் குடிவந்துவிட்டார்கள், ஆனாலும் "தாத்தாவோட அண்ணன் சயாம்ல போயிட்டாரு" என்று சொல்லும் குடும்பங்கள் இங்கேயே இருக்கின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊர் வழியாகப் போகும் ரயில் பாதை, கிம்மாஸிலிருந்து கிளந்தான் வரைக்குமான கிழக்குக்கரைப் பாதை. அதில் மெந்தகாப்புக்கு வடக்கே பெரும்பகுதித் தண்டவாளத்தை ஜப்பானியர் பிடுங்கி சயாம் பாதைக்குக் கொண்டுபோனார்கள். ஆளும் இங்கிருந்து, இரும்பும் இங்கிருந்து.

அதோடு, ஜப்பானியர் ஆண்ட அந்த மூன்றரை வருடத்தில் இந்த வட்டாரம் பார்த்த சாவு தமிழர் சாவு மட்டுமில்லை. 1942 மார்ச்சில் கோலா பிலா பக்கம் பாரிட் திங்கியிலும், ஜெலெபு பக்கம் தித்தியிலும் சீனக் கிராமத்தார்களைக் குழந்தை, கிழவி பார்க்காமல் ஜப்பானியப் படை கொன்றது. 1943 முடிவில் சிங்கப்பூரிலிருந்து கத்தோலிக்கர்களை, யூரேசியர்களும் சீனர்களுமாக, பகாவுக்கு அனுப்பிக் காட்டைத் திருத்திப் பயிர் செய்து பிழைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மண் சரியில்லை, மலேரியா வேறு. நூற்றுக்கணக்கானவர்கள் இந்த மண்ணிலேயே போய்விட்டார்கள். அவர்களோடு வந்த ஆயர் (பிஷப்) ஏட்ரியன் தெவால்ஸ் மண்வெட்டி காலில் பட்டு, காயம் முற்றி, 1945 ஜனவரியில் இறந்தார். ஓர் ஆயரையே மண்வெட்டி பிடிக்க வைத்த ஊர் இது.

ஆக, கோயில்காரர்கள் தங்கள் துக்கத்தை மட்டும் எடுத்துவைத்தால் பக்கத்துக் கடைச் சீன முதலாளி தௌகேயின் குடும்பத் துக்கம் வெளியே நிற்கும். அது சரியாகப் படவில்லை. எல்லா மதமும் சேர்ந்தது இந்த ஊரின் சாவுக் கணக்கினால்தான். நாகரிகமாக இருக்கும் என்று யாரும் யோசித்துச் சேர்த்தது இல்லை.

ஏன் அக்டோபர்?

தண்டவாளம் இணைந்தது அக்டோபர் 17. புரட்டாசி மகாளய அமாவாசை அதற்கு முன்னே வரும். கிறிஸ்தவர்களின் கல்லறைத் திருநாள் நவம்பர் 2. இரண்டுக்கும் நடுவில், தீபாவளி வேலையோடு மோதாத ஒரு சனிக்கிழமையாகப் பார்த்துக்கொள்கிறோம்.

எல்லா மதமும் சேர்ந்து வேண்டுவது என்றால் எல்லாவற்றையும் கலந்து ஒன்றாக்குவதா? எங்கள் குருக்களுக்கு அதில் உடன்பாடில்லை.

குருக்கள் ஐயாவின் கவலை நியாயமானது. கலப்பது எங்களுக்கும் விருப்பமில்லை. ஒரே மேடையில் எல்லாரும் சேர்ந்து ஒரே வாசகத்தைச் சொல்வது என்று வைத்தால், யாருக்கும் உறுத்தாத வார்த்தையாகத் தேடித் தேடிக் கடைசியில் எவருடைய நம்பிக்கையும் இல்லாத ஒன்றில் போய் நிற்போம். அதற்கு யாரும் மனசாரக் கண் மூட மாட்டார்கள்.

1986 அக்டோபர் 27-இல் இத்தாலியின் அசிசி நகரத்தில் போப் இரண்டாம் ஜான் பால் உலக மதத் தலைவர்களை அமைதிக்காக வேண்ட அழைத்தார். அங்கே ஒவ்வொரு மதத்தாருக்கும் தனித்தனி இடம் கொடுத்தார்கள். அவரவர் முறையில் வேண்டினார்கள், பிறகு ஓரிடத்தில் கூடினார்கள். நாங்களும் சின்ன அளவில் அதையே செய்கிறோம். மாலையில் அவரவர் தலத்தில் அவரவர் வழிபாடு: கோயிலில் மோட்ச தீபமும் தேவாரமும், தேவாலயத்தில் இறந்தோருக்கான திருப்பலி, விகாரையில் புண்ணியத்தை இறந்தவர்களுக்கு அர்ப்பணிக்கும் ஓதல். பிறகு எல்லாரும் பொது மண்டபத்துக்கு வருகிறார்கள். அங்கே சிலை இல்லை, சிலுவை இல்லை, ஊதுபத்தி இல்லை. முதலில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர்களை வாசிக்கிறோம். மௌனம். அதற்குப் பிறகு ஒவ்வொரு மதத்திலிருந்தும் ஒருவர் எழுந்து தன் மொழியில் தன் வேண்டுதலைச் சொல்கிறார், மற்றவர்கள் கேட்கிறார்கள். சேர்ந்து சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் கிடையாது.

அங்கே சீக்கியர்கள் அர்தாஸ் என்ற தங்கள் வேண்டுதலை "சர்பத் தா பலா" என்று முடிப்பார்கள். எல்லாருக்கும் நலம் உண்டாகட்டும் என்பது அதன் பொருள். அவர்கள் நமக்காகப் புதிதாக எழுதிக்கொண்டு வந்தது இல்லை. தினமும் சொல்லும் வேண்டுதலே அப்படித்தான் முடிகிறது. அடுத்தவர் வேண்டுதலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால்தான் இதெல்லாம் காதில் விழும்.

முஸ்லிம் நண்பர்களை அழைக்கலாமா? சங்கடமாகிவிடாதா?

அழைக்கலாம், ஆனால் யோசித்து அழைக்க வேண்டும். ரயில் பாதையில் மலாய்க்காரர்களும் ஜாவாவிலிருந்து வந்த முஸ்லிம்களும் பெருந்தொகையாக இறந்தார்கள். நம் தோட்டங்களிலிருந்து போன தமிழ் முஸ்லிம்களும் உண்டு. அவர்கள் பேரப்பிள்ளைகளைக் கூப்பிடாமல் இருப்பது அவர்கள் துக்கத்தை இல்லையென்று சொல்வதாகும்.

அதே நேரம், பிற மதச் சடங்கில் பங்கெடுப்பது அவர்கள் மார்க்கத்துக்கு ஒவ்வாது. இந்நாட்டில் முஸ்லிம்களிடையே பிற மதத்தைப் பரப்புவதைக் கூட்டரசு அரசியலமைப்பின் 11(4) விதிப்படி மாநிலச் சட்டங்கள் கட்டுப்படுத்தலாம். ஆகவே சடங்கு நடக்கும் இடங்களுக்கு நாங்கள் அவர்களைக் கூப்பிடுவதில்லை. மண்டபத்துக்கு மட்டும் அழைக்கிறோம். என்ன நடக்கும், எந்த வரிசையில் நடக்கும் என்பதை முன்கூட்டியே தாளில் எழுதிக் கொடுக்கிறோம். விரும்பினால் துஆ ஓதலாம், விரும்பாவிட்டால் பெயர்களைக் கேட்டுவிட்டுப் போகலாம். மேடையில் யாரும் தன் மதம்தான் வழி என்று பேசக்கூடாது. இந்த ஒரு விதியில் நாங்கள் கண்டிப்பு. சாப்பாடு சைவம், ஹலால் சான்றுள்ள கடையிலிருந்து வாங்குகிறோம்.

மக்ரிப் (அந்தி நேர) தொழுகை முடிந்த பிறகே மண்டபத்தில் தொடங்குகிறோம். சின்ன விஷயம்தான், ஆனால் இதைக் கவனித்தால் ஆட்கள் நிம்மதியாக வருவார்கள்.

எங்கள் கொள்ளுத்தாத்தாவின் உடல் கிடைக்கவில்லை, இறந்த நாளும் தெரியாது. காரியம் செய்யாமல் விட்டுவிட்டோம். இப்போது ஏதாவது செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். இறந்த திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் தர்ப்பணம் கொடுப்பது வழக்கத்தில் இருப்பதுதான். பெயர் தெரிந்தால் பெயர் சொல்லி, தெரியாவிட்டால் உறவு முறை சொல்லிக் கொடுக்கலாம். கோயிலில் மோட்ச தீபம் ஏற்றலாம். எத்தனை வருடம் கழிந்தால் என்ன, கொடுக்க வேண்டியதைக் கொடுப்பதில் தாமதக் குற்றம் இல்லை என்றுதான் பெரியவர்கள் சொல்கிறார்கள்.

சில குடும்பங்கள் இன்னொன்றைச் செய்தன. ஆள் என்றாவது வருவார் என்று எண்ணிப் பாட்டி கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை, காரியமும் செய்ய விடவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் இன்று பேரப்பிள்ளைகள் தர்ப்பணம் கொடுக்கத் தயங்குவது எனக்குப் புரிகிறது. பாட்டியின் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். இரண்டு பேருக்கும் அது போய்ச் சேரட்டும்.

ஜப்பானியர்களுக்காகவும் வேண்டுகிறீர்களாமே? அது எப்படி?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. கோபத்தோடு கேட்கப்படுவதும் இதுதான். ஒரு பெரியவர் இதற்காகவே வருவதை நிறுத்திக்கொண்டார். அவர் வீட்டில் மூன்று பேர் போனார்கள். அவரை வற்புறுத்த எங்களுக்கு உரிமை இல்லை, வற்புறுத்தவும் இல்லை.

நாங்கள் செய்வது இவ்வளவுதான். பெயர்களை வாசித்து முடித்த பிறகு, அந்தப் போரில் இறந்த எல்லா நாட்டு ஏழைகளுக்காகவும் ஒரு நிமிடம். அதில் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் எரிந்த பிள்ளைகளும் அடக்கம். மன்னிப்பு என்ற வார்த்தையை மேடையில் பயன்படுத்துவதில்லை. மன்னிப்பது அடிபட்டவருடைய உரிமை. அவர் சார்பாகப் பேரப்பிள்ளை அதை வழங்க முடியாது என்பது என் அழுத்தமான எண்ணம்.

நாகாசே தகாஷி என்ற ஜப்பானியரைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்கிறோம். போர்க்காலத்தில் காஞ்சனபுரியில் ராணுவ மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். கைதிகளைச் சித்திரவதை செய்து விசாரித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தவர். போர் முடிந்ததும் நேச நாட்டுப் படையினர் கல்லறைகளைத் தேடிப் போனபோது கூடப் போனார். பாதை நெடுக அவர் பார்த்தது அவரை விடவே இல்லை. 1976-இல் பழைய கைதிகளையும் பழைய ஜப்பானிய வீரர்களையும் குவாய் ஆற்றுப் பாலத்தில் சந்திக்க வைத்தார். 1986-இல் காஞ்சனபுரியில் ஒரு புத்த அமைதிக் கோயில் எழுப்பினார். 1993-இல், விசாரணையில் துன்பப்பட்ட எரிக் லோமாக்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அவரை நேரில் சந்தித்தார், பிறகு மன்னித்தார். அந்த மன்னிப்புக்கு அரை நூற்றாண்டு ஆனது. தப்பு செய்தவர் வாயைத் திறந்து நடந்ததைச் சொன்ன பிறகுதான் அது வந்தது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் உண்மை, அப்புறம்தான் சமாதானம். எங்கள் மண்டபத்திலும் அதே வரிசையை வைத்திருக்கிறோம். கதையைச் சொல்லாமல் நேராக அமைதிப் பாட்டுக்குப் போகலாம், பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று சிலர் கேட்டார்கள். ஒப்புக்கொள்ளவில்லை.

நஷ்டஈடு கிடைத்ததா?

1967-இல் ஜப்பான் மலேசியாவுக்கு இரண்டரைக் கோடி வெள்ளி மதிப்புக்கு ஈடு தர ஒப்புக்கொண்டது. அது கப்பல்களாக வந்தது. தோட்டத்தில் தனியாகப் பிள்ளை வளர்த்த விதவையின் கைக்கு அதில் ஒன்றும் வரவில்லை. இதைப் பற்றிப் பேசுவதும், கேட்பதும், மனு எழுதுவதும் பிரார்த்தனைக்கு எதிரானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்றைக்கு நடக்கும் கொடுமைகளைப் பற்றிப் பேசுவீர்களா?

கட்சி அரசியல் பேசுவதில்லை. ஆனால் ஒன்றைப் பேசாமல் இருக்க முடியாது. இன்று நம் ஊர்ச் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுபவர்கள் பங்களாதேஷ், இந்தோனேசியா, நேப்பாளம், இந்தியாவிலிருந்து வந்தவர்கள். ஏஜெண்டு ஒரு சம்பளம் சொல்லி அனுப்பி, இங்கே வந்தால் வேறு சம்பளம் என்ற கதையை அவர்களிடம் கேட்கலாம். பிறருடைய பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது நம் நாட்டுச் சட்டப்படி குற்றம், ஆனாலும் நடக்கிறது. சயாமுக்குப் போனவர்களும் "மூன்று மாதம், ஒரு வெள்ளி" என்ற வார்த்தையை நம்பித்தான் வண்டி ஏறினார்கள். ஆகவே அந்தத் தொழிலாளர்களையும் மண்டபத்துக்கு அழைக்கிறோம், அவர்களுக்காகவும் வேண்டுகிறோம். வேண்டிய கையோடு, பக்கத்துத் தோட்டத்தில் யாருக்காவது சம்பளம் நிற்கிறதா, பாஸ்போர்ட் சிக்கலா என்று விசாரித்துத் தொழிலாளர் இலாகாவுக்குக் கூட்டிப் போகவும் நம் பிள்ளைகள் சிலர் முன்வந்திருக்கிறார்கள்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர் வரலாமா?

வாங்க. பெயர் வாசிக்கக் குரல் வேண்டும்.

காஞ்சனபுரிக்கு நேரில் போய்ப் பார்க்க என்ன வழி?

பேங்காக்கிலிருந்து மேற்கே ஏறக்குறைய 130 கிலோமீட்டர். தொன்புரி நிலையத்திலிருந்து ரயில் இன்றும் ஓடுகிறது. பழைய மரணப் பாதையிலேயே பாலத்தைத் தாண்டி நாம் தோக் வரை போகும். போர்க் கல்லறைத் தோட்டம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. அதன் பக்கத்தில் உள்ள வாட் தாவோர்ன் வராராம் என்ற விகாரைக்குக் கட்டாயம் போங்கள்; ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளை அடக்கம் செய்த இடம் அங்கே இருக்கிறது. அண்மை ஆண்டுகளில் தமிழர் நினைவாக ஒரு நடுகல்லும் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான சுற்றுலா வேன்கள் பாலத்தில் படம் பிடித்துவிட்டுத் திரும்பிவிடும். விகாரைக்குப் போக வேண்டும் என்று ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நேரம் இருந்தால் வெள்ளைக்காரர்கள் 'நரக நெருப்புக் கணவாய்' என்று அழைத்த பாறை வெட்டையும் பாருங்கள். கையால் உளி பிடித்து வெட்டியது.

எங்கள் வீட்டுப் பெயரையும் வாசிப்பட்டியலில் சேர்க்க வேண்டும். என்ன விவரம் தர வேண்டும்?

தெரிந்தது எதுவானாலும் தாருங்கள். முழுப்பெயர் இல்லாவிட்டால் கூப்பிடும் பெயர். தகப்பனார் பெயர், தோட்டத்தின் பெயர், எந்த டிவிஷன், கங்காணி யார், தமிழ்நாட்டில் எந்த ஊர், கூடப் போனவர்கள் யார், திரும்பி வந்தவர்கள் யாராவது அவரைப் பற்றி ஏதாவது சொன்னார்களா. "பெரியப்பா, கெடிஸ் தோட்டம்" என்ற அளவுக்குத்தான் தெரியும் என்றால் அப்படியே எழுதுங்கள், அப்படியே வாசிப்போம். எந்த மதம் என்றும் குறிப்பிடுங்கள், அவரவர் தலத்துக்கு அந்தப் பெயரை அனுப்பிவைப்போம். முக்கியமாக, வீட்டில் எண்பது தொண்ணூறு வயதில் யாராவது இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், கைப்பேசியில் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். செப்டம்பர் கடைசிக்குள் கொடுத்துவிட்டால் இந்த வருடப் பட்டியலில் சேர்ந்துவிடும்.